ரொக்கம் அங்கே, நோட்டு இங்கே

“தம்பி, நீ எனக்குக் குடுக்க ரேட்டுலயே அவன் கஸ்டமருக்கு விக்கான். பெறவு நான் எதுக்குக் கடயத் தொறந்து வச்சிருக்கேன்?”

வியாசர்பாடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கேட்டது. ‘அவன்’ என்றது பெரிய சூப்பர் மார்க்கெட்டை. கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகிற எந்த சேல்ஸ்மேனுக்கும் புதிய கேள்வியில்லை. எல்லோரும் சொல்கிற பதிலைத்தான் நானும் சொன்னேன்: “அவன் கடன் குடுப்பானா அண்ணாச்சி? உங்ககிட்ட கடன் நோட்டு இருக்குல்ல.”

“அதத்தான் சொல்லுதேன். ஒண்ணாந்தேதி ரொக்கத்த அவன் எடுத்துக்கிடுதான். இருவதாந்தேதி கடன் எங்கிட்ட வருது.”

கணக்கு அவர் பக்கம்தான். எம்.ஆர்.பி. 100 ரூபாய் சோப்புக் கட்டு டீலரிடமிருந்து அவருக்கு 90க்கு விழுகிறது என்று வையுங்கள். பெரிய கடை கம்பெனியிடம் நேராக லோடு எடுக்கிறது, டீலர் கமிஷன் கிடையாது, 88க்குப் போட்டாலும் கையைக் கடிக்காது. அண்ணாச்சி டீலருக்கு ஏழு நாளில் பணம் கட்டியாக வேண்டும். முதல் வாரத்து ரொக்கம்தான் அதையும் தாங்கும், மூன்றாம் வாரத்துக் கடனையும் தாங்கும். அது குறைந்தால் புது ஆட்களுக்குக் கடன் முதலில் நிற்கும். அப்புறம் பழைய ஆட்களின் வரம்பு 1,000லிருந்து 500 ஆகும். மாதச் சம்பளக்காரர் பெரிய கடையில் மிச்சம் பிடித்த 300 ரூபாய்க்குச் சித்தாள் வேலைக்குப் போகிற பெண் விலை கொடுக்கிறாள் என்று இதை இழுக்கலாமா? இழுக்கலாம் என்றுதான் படுகிறது.

ஆனாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அரிசி அட்டைக்கு ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. ஏழை வீட்டு அடுப்படிச் செலவை உண்மையில் குறைத்தது அந்தக் கடைதான். பற்றாத பருப்பை அண்ணாச்சியிடம் 100 கிராம் 16 ரூபாய் என்று வாங்குகிறவர் கிலோவுக்கு 160 கொடுக்கிறார். பெரிய கடையில் அது 140, ஷேர் ஆட்டோ போக வர 40 என்றால், இரண்டு கிலோ வாங்கினால் ஆட்டோ காசு மட்டும் திரும்பும். அன்றாடக் கூலியில் பருப்புக்கே 280 ரூபாயை மொத்தமாக எப்படி எடுப்பது? ஷாம்புவில் கதை தலைகீழ். ஒரு ரூபாய் பாக்கெட்டில் மில்லி விலை பல பிராண்டுகளில் பாட்டிலைவிடக் குறைவு. அந்தச் சரம் தொங்குவது அண்ணாச்சி கடையில்.

(2012ல் பலசரக்கு உள்ளிட்ட சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு வழிவிட்டபோது, தமிழ்நாட்டில் விடமாட்டேன் என்றார் ஜெயலலிதா. இப்போது அண்ணாச்சியை நெருக்குவது உள்நாட்டுக் கடை.)

நான் சொன்ன பதில் பொய்யில்லை. கடன் கொடுப்பதால்தான் அவர் கடை நிற்கிறது. அதே கடன்தான் அவரைச் சாய்க்கவும் போகிறது என்றால், அந்தப் பதிலை ஆறுதல் என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, மாதக் கடைசியில் விற்பனை டார்கெட்டுக்காக ஸ்கீம் பெட்டியை (இத்தனை எடுத்தால் இத்தனை இலவசம் என்கிற சரக்கை) அவர் தலையில் கட்டுவது சேல்ஸ்மேன்களான எங்கள் வேலை. அதில் முடங்குகிற ரொக்கமும் அவருடையதுதான்.

இதில் இன்னொரு கூத்து. பெரிய கடையில் சர்க்கரைக்கு ஆஃபர் போட்டால் அண்ணாச்சியே ஆள் அனுப்பி வாங்குகிறார். ஒரு பில்லுக்கு இத்தனை கிலோதான் என்று வரம்பு இருப்பதால் மகன் ஒரு பில், மருமகன் ஒரு பில், கடைப் பையன் ஒரு பில். அதைக் கால் கிலோ பொட்டலமாகக் கட்டிக் கடனுக்கும் கொடுக்கிறார். அந்த விலைக் குறைவில் ஒரு ரூபாயாவது வாங்குகிறவருக்குப் போகிறதா, எல்லாம் கல்லாவிலேயே நின்றுவிடுகிறதா என்று கேட்டேன்.

“போன மாசம் வராத கடனுக்கு அது சரியாப் போச்சு” என்றார்.