இன்னும் தவழவில்லை

பாப்பாவுக்குப் பத்து மாதம் முடியப்போகிறது. இன்னும் தவழவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து என் செருப்பு வரைக்கும் போய்விடுகிறாள். அது வாய்க்குள் போவதற்குள் நான் ஓட வேண்டும். ஆனாலும் ராத்திரி 2 மணிக்குக் கைபேசியில் தேடிக்கொண்டிருந்தேன் (தேடவே கூடாத நேரம்).

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழவே இல்லையாம். தனியாக நடக்க 8 மாதமும் ஆகலாம், 17 மாதமும் தாண்டலாம். டாக்டரும் அதையேதான் சொன்னார். "18 மாதத்திலும் நடக்கவில்லை என்றாலோ, செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் விட்டாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

சரி என்று வந்துவிட்டேன். வாசலிலேயே பக்கத்து வீட்டு அக்கா: "எங்க பையன் எட்டு மாசத்துலயே நின்னுட்டான்."

நான் கேட்டேனா அக்கா?