கன்றுக்குட்டியைக் கட்டிய சுவர்

பொங்கலுக்குக் குப்பனூர் பக்கம் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். சேர்வராயன் மலை அடிவாரம். மாட்டுக் கொட்டாயில் பழைய மண் சுவர். அதில் அடித்த முளைக்குச்சியில் கன்றுக்குட்டி. சுண்ணாம்பு அடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் முளையைச் சுற்றி ஒரு சாணுக்குச் செம்மண் தெரிந்தது. தள்ளிப் போகப்போகத் தேய்மானம் குறைந்து, கயிறு எட்டாத இடத்தில் பளிச்சென்று வெள்ளை.

“முட்டுமா அம்மாயி?”

“இல்ல கண்ணு, சாதுதான். ஒரு எடத்துல நிக்காது, அவ்வளவுதான்.”

மூன்று வருஷமாக நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீளச் சங்கிலி. அதன் ஒரு நுனியைப் பரப்பில் ஒட்டிவிட்டால், மீதி உடம்பு வெப்பத்தில் ஓயாமல் நெளியும். எத்தனை விதமாக நெளிந்து கிடக்கலாம் என்பதன் அளவுதான் இங்கே என்ட்ரோபி. (கல்லூரியில் ‘ஒழுங்கின்மை’ என்று போர்டில் எழுதிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது புரியவே புரியாது.) சுவர் அந்த விதங்களில் பெரும்பகுதியைப் பறித்துவிடுகிறது. சங்கிலிக்குச் சுவர்மேல் பகையில்லை. நிற்க மாட்டாமல் இடிப்பதுதான் அழுத்தமாகிறது.

அதுவும் ஒரே சீராக இல்லை. முளைக்கு அருகே, தூரம் இரண்டு மடங்கானால் அழுத்தம் எட்டில் ஒன்றாகிவிடும். ஒட்டிய இடத்திலிருந்து ஒரு நானோமீட்டரில் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), சாதாரண வெப்பநிலையில், காற்றழுத்தத்தைப் போல ஆறு மடங்கு வரும். பத்து நானோமீட்டரில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சங்கிலியின் அளவைத் தாண்டினால் ஒன்றுமே இல்லை. சுற்றிலும் அழுத்துகிற அதே அளவுக்கு முளையை வெளியே இழுக்கவும் செய்கிறது. அதனால் பரப்பு மெல்லிய சவ்வாக இருந்தால், ஒட்டிய இடம் கூடாரம் மாதிரி மேலே தூக்கிக்கொள்ளும். அம்மாயி வீட்டு முளையைத் தொட்டுப் பார்த்தேன். கடகடவென்று ஆடியது.

சங்கிலிகளை நெருக்கி நட்டால் கதை வேறு. ஒன்றையொன்று தள்ளி, நாற்றங்கால் போல நிமிர்ந்து நிற்கும். 1977-இல் அலெக்சாண்டர், 1980-இல் டி ஜென் என்ற இயற்பியலாளர்கள் போட்ட கணக்கு அது. சாயங்காலம் கறந்த பாலே அப்படித்தான் பாலாக நிற்கிறது. பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் உருண்டைகள் 100, 200 நானோமீட்டர் அளவு; மேலெல்லாம் கப்பா-கேசின் என்ற கேசின் வகையின் சங்கிலிகள், முடி மாதிரி. இரண்டு உருண்டை நெருங்கினால் முடிகளுக்கு நெளிய இடமில்லை, விலகிவிடும். உறைமோர் விட்டால் புளிப்பு ஏறி முடி படிந்துபோகிறது, தயிராகிறது. கன்றின் வயிற்றில் இன்னும் சுருக்கு வழி: கைமோசின் என்ற நொதி அந்த முடியைக் கத்தரித்தே விடும்.

இதையெல்லாம் அம்மாயியிடம் உற்சாகமாகச் சொல்லி முடித்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டாயைப் பார்த்தார்.

“முளை ஆடுதுன்னு தெரியுதில்ல? போறதுக்குள்ள நல்லா இறுக்கி அடிச்சுட்டுப் போ கண்ணு.”