அடி ஒடுங்கிய டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளும் மகனும் இரண்டு கண்ணாடி கிளாஸ்களை ஒட்டி வைத்து, பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, ஜூஸ் அளந்துகொண்டிருந்தார்கள். பெரியவள் ஊற்ற, சின்னவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொத்தனார் ரசமட்டம் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "அம்மா, அக்கா எனக்குக் கம்மியா ஊத்துறா" என்றான். நான் தீர்ப்பு சொல்லியிருக்க வேண்டும். சிரித்துத் தொலைத்துவிட்டேன். இரண்டும் ஒன்று சேர்ந்துகொண்டு என்னை முறைத்தன.

இவர்களுக்காவது கண்ணாடி கிளாஸ். தொண்ணூறுகளில் மதுரையில் எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்தான், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது, மேலே குனிந்து எட்டித்தான் பார்க்க வேண்டும், பார்க்கிற சாக்கில் ஒரு வாய் உறிஞ்சிவிடுவான் என் தம்பி. விருந்தாளி வந்தால்தான் வீட்டுக்குக் கலர் வரும். கலர் என்றால் எங்களுக்கு பொவண்டோ, 1916-ல் பக்கத்து விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க்கின் சரக்கு. வந்தவர்களுக்கு ஊற்றியது போக மிச்சம் எங்களுக்கு. சர்க்கரை வியாதி உள்ள மாமா யாராவது வந்தால் அன்றைக்குத் தீபாவளிதான்.

பங்குச் சண்டை தாங்காமல் அப்பா ஒரு சட்டம் போட்டார். ஒருத்தர் ஊற்ற வேண்டும், அடுத்தவர் முதலில் எடுக்க வேண்டும். இதில் ஏமாற்ற வழியே இல்லை என்று நம்பினார், பாவம்.

வீட்டில் ஒரே மாதிரி ஆறு டம்ளர் இருந்தது. அதில் ஒன்று எப்போதோ கீழே விழுந்து அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கிப்போனது. மேஜையில் வைத்தால் மற்றதைப் போலவேதான் நிற்கும், உயரமும் அதேதான், ஆனால் உள்ளே கொள்வது ஒரு முழு மடக்கு குறைவு. இதைக் கண்டுபிடித்தது நான், அதை யாரிடமும் சொல்லாமல் இருந்ததும் நான்தான். ஊற்றுகிற முறை எனக்கு வரும்போதெல்லாம் ஒடுங்கிய டம்ளரில் விளிம்பு வரைக்கும் ஊற்றுவேன், நல்ல டம்ளரில் ஒரு விரற்கடை குறைத்து ஊற்றிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். தம்பி நுரை அடங்கும் வரை காத்திருந்து, இரண்டையும் எட்டிப் பார்த்து, நிறைந்திருப்பதை வெற்றிச் சிரிப்போடு எடுத்துக்கொண்டு போவான். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்த வியாபாரம் நடந்தது.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. எப்போதும் நான் குடித்து முடிக்கும் வரை தன் பங்கைத் தொடமாட்டான். அப்புறம் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு, ஒரு "ஆஹா", இன்னொரு சொட்டு என்று கால் மணி நேரம் குடிப்பான். அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று அந்த டம்ளரைத் தட்டிவிடத் தோன்றும். ஒரு தடவை தட்டியும் விட்டேன், அது வேறு கதை.

ஆனால் திருட்டு என்று வந்துவிட்டால் நாங்கள் கூட்டாளிகள். விளம்பரத்தில் டெண்டுல்கர் வருகிறார் என்பதற்காகவே அடம்பிடித்து பூஸ்ட் வாங்க வைத்தவன், அதைப் பாலில் கலந்து குடித்ததைவிட வெறும் பொடியாகத் தின்றதுதான் அதிகம். மூடியைத் திறக்க அவனுக்குப் பலம் பத்தாது, அது என் வேலை. ஒரு நாள் மத்தியானம் அவன் வாய் கொள்ளாமல் இரண்டு கரண்டி அள்ளிப் போட்ட நேரம் பார்த்து அம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். பொடி மேல் அண்ணத்தில் அப்பிக்கொண்டால் நாக்கு புரளாது, தின்றவர்களுக்குத் தெரியும்.

"டேய், அங்க என்னடா பண்ற?"

"ம்ம்."

"தண்ணி குடிக்கிறியா?"

"ம்ம்ம்."

அம்மாவுக்கு என்ன தோன்றியதோ. "மணி என்ன ஆச்சு, பாத்துச் சொல்லு" என்றாள்.

அவன் என்னைப் பார்த்தான். எனக்காகப் பதில் சொல்லு என்று கண்ணால் கெஞ்சினான். நான் வாயைத் திறந்தால் நானும் அடுக்களையில் இருப்பது தெரிந்துவிடும், அதனால் சுவரைப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் "மூழு" என்று ஒரு சத்தம் வந்தது, அதோடு ஒரு தும்மலும். என் வெள்ளைப் பாவாடை முழுக்கப் பழுப்புப் புள்ளி. அம்மா வாசலில் வந்து நின்றபோது அவன் நாக்கால் அண்ணத்தை வழித்துக்கொண்டே முதலில் சொன்ன வார்த்தை, "அக்காதான் மூடி திறந்து குடுத்தா."

டம்ளர் விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், ஒரு முழுப்பரீட்சை லீவில் தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தவன், நல்ல டம்ளர் தண்ணீரை ஒடுங்கியதில் ஊற்றியிருக்கிறான். வழிந்துவிட்டது. திருப்பி ஊற்றிப் பார்த்திருக்கிறான், நிறையவில்லை. கத்தவில்லை, அழவில்லை, டம்ளரைத் தலைகீழாகத் திருப்பி அடியையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா முன்னால் வழக்கு வைத்தான். அப்பா இரண்டு டம்ளரையும் வாங்கி, தானும் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு, என்னைத் திட்டுவதற்குப் பதில் அம்மாவிடம், "இவளைக் கணக்குல சேத்து விடணும்" என்றார். தம்பிக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

இந்தப் பொங்கலுக்கு இரண்டு பேரும் அம்மா வீட்டில் இருந்தோம். அவனுக்கு முன்தலை வழுக்கை, எனக்கு மூட்டு வலி. அம்மா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். நான் கை நீட்டுவதற்குள் அவன் ஒன்றை எடுத்து, உயரத் தூக்கி, சூடு பொறுக்காமல் உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டே கட்டை விரலால் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் பேசாமல் அதை என் பக்கம் நகர்த்திவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான்.