ஸ்பின் பைக் வாங்கும் முன் இன்ச் டேப்பை எடுங்கள்

குறைந்த விலையில் ஒரு ஸ்பின் பைக் (வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள்) தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது ஃப்ளைவீலின், அதாவது மிதித்தால் சுழலும் கனமான சக்கரத்தின், எடைதான். 8 கிலோ, 13 கிலோ, 18 கிலோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் பார்த்தது, சீட் எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மேலே ஏறும் என்பதை.

என் உயரம் 152 செ.மீ. என் கணவர் 181. ஒரே பைக்கை இரண்டு பேரும் ஓட்ட வேண்டும். விளம்பரத்தில் பொத்தாம்பொதுவாக ‘150 முதல் 190 செ.மீ. உயரம் வரை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கே கால் நீளம் வேறுபடும் என்பதால் அந்த வரி எனக்குப் போதவில்லை. சைக்கிள்காரர்கள் ரொம்ப காலமாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. வெறுங்காலோடு சுவரில் முதுகு படும்படி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சீட் அழுத்துகிற மாதிரி மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதை 0.883ஆல் பெருக்கினால், கிராங்கின் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். எனக்கு 70 செ.மீ., பெருக்கினால் ஏறக்குறைய 62. அவருக்கு 86, அதாவது 76. ஆக, 62 முதல் 76 வரை நகரும் சீட் எங்களுக்கு வேண்டும்.

விற்பவர்களிடம் இந்த ஒரு கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: சீட்டை முழுக்க இறக்கினால் கிராங்க் அச்சிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? விலையும் தோற்றமும் பிடித்துப்போன ஒரு மாடலில் 66 என்றார்கள். நான்கு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் அதில் உட்கார்ந்தால் பெடல் கீழே போகும்போதெல்லாம் நான் நுனிக்காலால் எட்ட வேண்டும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். அரை மணி நேரம் அப்படி ஓட்டினால் முழங்காலின் பின்பக்கமும் கீழ்முதுகும் பிடித்துக்கொள்ளும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தாலும் தொல்லைதான். அப்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். நேரில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால் கணக்குகூட வேண்டாம். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு சாயாமல் இருந்தால் உயரம் சரி. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்.

விலை குறைவான சில பைக்குகளில் சீட் மேலும் கீழும் மட்டும்தான் நகரும். முன்னும் பின்னும் நகர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்கும்போது முன்கால் முழங்கால் ஏறத்தாழ பெடல் அச்சுக்கு நேர் மேலே வருவது நல்லது. என்னைப் போலக் குள்ளமானவர்களுக்குச் சீட்டை முன்னே தள்ள முடிந்தால்தான் அது வரும்.

அடுத்தது ரெசிஸ்டன்ஸ், அதாவது மிதிப்பதைக் கடினமாக்கும் எதிர்ப்பு. மலிவான பைக்குகளில் கம்பளியோ தோலோ வைத்த ஒரு பட்டை ஃப்ளைவீல் மேல் உரசும். குமிழைத் திருகத் திருக அழுத்தம் கூடும். நன்றாகவே வேலை செய்யும், ஆனால் பட்டை தேயும், சத்தம் வரும், சக்கரத்துக்குக் கீழே தூள் கொட்டும். காந்த வகையில் காந்தம் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. சுழலும் உலோகத்தில் உண்டாகும் மின்னோட்டமே அதை இழுத்துப் பிடிக்கும். தேய்வதற்கு எதுவும் இல்லை, சத்தமும் இல்லை. எங்கள் கீழ்வீட்டில் வயதான அம்மா ஒருவர் இருக்கிறார், காலை வெகு நேரம் தூங்குவார். நான் ஓட்டுவது விடியும் முன். அதனால் காந்தமும், செயினுக்குப் பதில் பெல்ட்டும் உள்ளதையே தேடினேன். தனி வீட்டில் இருப்பவர், காசு இன்னும் குறைவு என்றால், உரசும் வகையைத் தயங்காமல் வாங்கலாம். பட்டையை மாற்றுவது பெரிய செலவே இல்லை.

அதே காசுக்கு நல்ல சட்டம் (ஃப்ரேம்) வேண்டும் என்றால் பழையது பார்ப்பதே உத்தமம் என்பது என் கருத்து. நானும் அப்படித்தான் வாங்கினேன். பார்க்கப் போகும்போது கிராங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஏறி மிதிப்பதெல்லாம் அப்புறம். ஒரு வீட்டில் அப்படி ஆட்டியபோது ‘டொக் டொக்’ என்று கையில் தெரிந்தது. பேரிங் போயிருந்தது. இடது பெடலும் கோணலாக நின்றது. இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் முடுக்க வேண்டும். வழக்கம்போல வலப்பக்கமாக யாரோ பலம் போட்டுத் திருகி மரையைக் கெடுத்திருந்தார்கள். கிராங்கையே மாற்ற வேண்டிய நிலை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். குமிழுக்கு அடியிலும் ஹேண்டில்பார் கம்பி நுழையும் இடத்திலும் விரலை விட்டுத் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வியர்வை சொட்டும் இடங்கள் அவை.

இப்போது அந்த ஃப்ளைவீல். கிலோ கணக்கு மட்டும் எதையும் சொல்லாது. எடை சக்கரத்தின் விளிம்பில் இருந்தால் அதிகப் பலன், நடுவில் இருந்தால் குறைவு. ஒரு மிதிக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதும் சேர வேண்டும். வேகமாகச் சுற்றும் லேசான சக்கரம், மெதுவாகச் சுற்றும் கனமானதற்கு ஈடாக ஓடும். மிதிக்கும்போது விட்டு விட்டு இழுக்காமல் வழுவழுவென்று ஓடினால் போதும். எழுந்து நின்று மிதிக்கும்போது ஆடாமல் இருக்க மொத்த பைக்கின் எடை முக்கியம். அதை நான் கட்டாயம் கேட்பேன்.

திரைக்காக ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சாதாரண திரைகள் சக்கரம் சுற்றுவதை மட்டுமே எண்ணுகின்றன. குமிழை எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள் என்பது அவற்றுக்குத் தெரியாது. அதனால் லேசாகக் காலைச் சுற்றினாலே கலோரி எண் ஏறும். நிமிடத்துக்கு எத்தனை மிதி என்று காட்டினால் எனக்குப் போதும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒன்று. பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் நாம் நிறுத்தினாலும் சக்கரமும் பெடலும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். குமிழைக் கீழே அழுத்தினால்தான் உடனே நிற்கும். உரசும் வகையென்றால் ஓட்டி முடித்ததும் குமிழை முழுக்க இறுக்கிவிட்டு இறங்குங்கள், சக்கரம் சுலபமாகச் சுற்றாது. காந்த வகையில் இறுக்கினாலும் சக்கரத்தைச் சுற்ற முடியும், அதனால் சின்ன விரல்கள் மாட்டாமல் குழந்தைகளைத் தள்ளியே வையுங்கள்.

வாங்கி வந்த ஒரு வாரத்தில் கிராங்க் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முடுக்குங்கள், புதிய பைக்கிலும் அவை லேசாகத் தளரும். சீட் உறுத்தினால் பைக்கையே குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலானவற்றில் சாதாரண சைக்கிள் சீட் அப்படியே பொருந்தும். மாற்றிக்கொள்ளலாம்.