ஆர்டருக்கு முன்னால் வரும் சரக்கு

கம்பெனிகளின் கொள்முதல், ஸ்டோர், கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் எஸ்ஏபி மென்பொருளுக்குக் கன்சல்டன்டாக வேலைக்குச் சேர்ந்தபோது, அந்த மென்பொருளைக் கரைத்துக் குடித்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். பயிற்சியில் எல்லாம் வரிசையாக நடக்கும். முதலில் பர்ச்சேஸ் ஆர்டர், அப்புறம் மிகோ என்ற திரையில் சரக்கு வரவு, கடைசியாக மிரோ என்ற திரையில் சப்ளையரின் பில். மூன்றும் ஒத்துப்போனால் பணம் போகும். பில்லில் விலை வரம்பைத் தாண்டியிருந்தால் சிஸ்டமே நிறுத்திவைக்கும்.

முதல் பிராஜெக்டில் பர்ச்சேஸ் மேலாளரும் இதையேதான் சொன்னார். "ஆர்டர் இல்லாம ஒரு ஆணிகூட உள்ளே வராது." எழுதிக்கொண்டோம். ஸ்டோருக்குப் போனால் மேஜையில் ஒரு நீளமான நோட்டு. மெஷின் நின்றுவிட்டால் யாராவது சப்ளையருக்குப் போன் போடுவார்கள். உதிரிபாகம் அன்றைக்கே வந்து இறங்கிவிடும். ஆர்டர் பின்னால் மெதுவாக வரும். அதுவரை அந்தப் பொருளுக்கு ஒரே சாட்சி, நோட்டில் பென்சிலால் எழுதிய ஒரு வரி. ஆர்டர் எண் வந்ததும் பக்கத்தில் பேனாவால் எழுதி டிக் அடித்துவிடுவார் ஸ்டோர்கீப்பர்.

"இதை உங்க சிஸ்டத்துல எப்படி சார் போடுறது?" என்று கேட்டார். மீட்டிங்கில் யாருமே கேட்காத கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. சரக்கு எப்படி வந்தது என்பதைக் குறிக்கும் மூவ்மென்ட் டைப்புகளில் 501 என்ற ஒன்றில் ஆர்டர் இல்லாமலே சரக்கை ஏற்றலாம். ஆனால் பில் வரும்போது பொருத்திப் பார்க்க ஆர்டர் இருக்காது, அக்கவுண்ட்ஸில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அவசர உதிரிபாகங்களுக்கென்று தனி ஆர்டர் வகை. ஷிஃப்ட் பொறுப்பாளரே ரிலீஸ் செய்து, அதாவது ஒப்புதல் கொடுத்துவிடலாம். சிஸ்டத்தில் அதை அமைப்பது சின்ன வேலை. அப்படி ஒரு பழக்கம் இருப்பதை பர்ச்சேஸ் பிரிவு ஒத்துக்கொண்டதுதான் பெரிய வேலை.

புது சிஸ்டம் ஓடத் தொடங்கும் கோ-லைவ் நேரத்துத் தூக்கமின்மை, ஹோட்டல் வாசம் பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன்.

எஸ்ஏபியின் பழைய பதிப்பான ஈசிசியின் வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியில் முடிகிறது. அதனால் இப்போது புதிதாக வருகிறவர்கள் பலர் புதிய பதிப்பான எஸ்/4ஹானாவுக்கு மாற்றும் வேலையில்தான் உட்காருகிறார்கள். அங்கே இசட் எழுத்தில் தொடங்கும் ப்ரோகிராம்கள் குவிந்து கிடக்கும், அந்தந்த கம்பெனி தன் தேவைக்கு எழுதிக்கொண்டவை. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். நீக்கிவிடலாமா என்று ஐடி பிரிவில் கேட்டால் உடனே தலையாட்டுவார்கள். ஸ்டோரில் போய்க் கேட்டால்தான், மாதக் கடைசியில் அதை ஓட்டாமல் ஒருவருக்குக் கணக்கே முடியாது என்பது தெரியவரும்.