புது புத்தகம், ரெண்டு நாள் பயிற்சி, அதுக்கப்புறம்?

போன வாரம் நாலாம் வகுப்பு பையன் ஒருத்தன வாசிக்கச் சொன்னேன், கடகடன்னு சொல்லிட்டே போனான், சந்தேகம் வந்து நடுவுல ஒரு வார்த்தை மேல விரல வச்சு இது என்னடான்னு கேட்டா முழிக்கிறான். பாடத்த காதால கேட்டே மனப்பாடம் பண்ணிருக்கான், துணைக்காலுக்கும் ஒற்றைக்கொம்புக்கும் வித்தியாசம் தெரியல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

நான் வேலைக்கு வந்து பதினேழு வருஷம் ஆச்சு. ஏபிஎல் (செயல்வழிக் கற்றல்) அட்டை பாத்தாச்சு, 2012ல முப்பருவ முறையோட வந்த சிசிஇ (வருஷம் முழுக்க பிள்ளைய மதிப்பிட்டுக்கிட்டே இருக்கிற முறை) பாத்தாச்சு, 2022ல இருந்து எண்ணும் எழுத்தும் திட்டம், அதுல பிள்ளைங்க நிலைய அரும்பு மொட்டு மலர்னு மூணாப் பிரிக்கிறது. எதையும் குறை சொல்ல நான் வரல, எல்லாத்துலயும் நல்லது இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவையும் புத்தகம் வரும், ரெண்டு மூணு நாள் பயிற்சி நடக்கும், அப்புறம் திரும்பி வந்தா அதே பீரியட், அதே போர்ஷன் அவசரம்.

இதப் பத்தி பீகார்ல நடந்த ஆராய்ச்சிய எல்லா டீச்சரும் படிக்கணும். பிள்ளையோட நிலைக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுக்கிற, பிரதம்ங்கிற தொண்டு அமைப்போட முறைய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு சோதிச்சாங்க (2019ல நோபல் வாங்கினாங்களே, அவங்கதான்). 2008 கோடை லீவுல ஒரு மாசம் முகாம், அரசுப் பள்ளி ஆசிரியர்களே எடுத்தாங்க, பிள்ளைங்க வாசிப்பு நல்லா ஏறிச்சு. அதே முறைக்கு பயிற்சியும் பொருளும் மட்டும் குடுத்து பள்ளி நாட்கள்ல நடத்தச் சொன்னப்போ ஒண்ணுமே மாறல. ஆசிரியருக்குத் தெரியலன்னு சொல்லவே முடியாதுல்ல, முகாம்ல செஞ்சு காட்டிட்டாங்களே! பள்ளிக்கூடம் திறந்ததும் பாடத்த முடிக்கிறதுதான் முதல் வேலைன்னு ஆகிடுது, புதுசா சொல்லிக் குடுத்தது மூலைக்குப் போயிடுது.

அதுல பாடம் கத்துக்கிட்டு ஹரியானாவுல 2012-13ல மாத்திப் பாத்தாங்க. அதுக்குன்னே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினாங்க, வகுப்பு பாக்காம பிள்ளையோட நிலை பாத்து உட்கார வச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், பள்ளிக்கு வந்து வழிகாட்ட வேண்டியவங்க முதல்ல தாங்களே 15-20 நாள் வகுப்பு எடுத்துப் பழகிட்டுத்தான் ஆசிரியருக்குப் பயிற்சி குடுத்தாங்க, அப்புறமும் பள்ளிக்கு வந்து கூடவே நின்னாங்க. ஹிந்தி வாசிப்பு முன்னேறிச்சு. அதே வருஷம் அதே ஹரியானாவுல சிசிஇயையும் சோதிச்சாங்க, சில பள்ளிக்கு இது, சிலதுக்கு அது, சிலதுக்கு ரெண்டும், சிலதுக்கு எதுவும் இல்ல. சிசிஇயால பிள்ளைங்க மார்க்ல மாற்றமே இல்ல. படிச்சதும் மனசு கனத்துப் போச்சு, சிசிஇ மதிப்பீட்டுக்காக எஃப்ஏ ஏ, எஃப்ஏ பின்னு எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதிருக்கோம். பிள்ளை எங்க நிக்குதுன்னு பதிவு பண்றது ஒரு வேலை, மறுநாள் காலைல அந்தப் பிள்ளைக்கு எத மாத்திச் சொல்லிக் குடுக்கப் போறோங்கிறது வேற வேலை, ரெண்டாவதுக்கு நேரம் ஒதுக்காம முதல் வேலைய மட்டும் எவ்வளவு பண்ணினாலும் பிரயோஜனம் இல்ல.

நம்ம ஊர்லயே, தன்னார்வலர்கள் சாயங்காலத்துல வகுப்பு எடுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு ஆதாரம் இருக்கு. கொரோனாவுக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்கள வச்சுப் பாத்ததுல, பள்ளி திறந்து ஆறு மாசத்துல விட்டுப்போன படிப்புல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்துடுச்சு, அந்த மீட்சியில கிட்டத்தட்ட கால்வாசி சாயங்கால வகுப்பாலன்னு வந்துச்சு. அங்கயும் தனியா நேரம் இருந்துச்சு, தனியா ஆள் இருந்தாங்க.

எங்களுது ஈராசிரியர் பள்ளி. ஹெச்.எம். சார்கிட்ட பேசி காலைல பத்துல இருந்து பதினொண்ணு வரைக்கும் வேற எந்த வேலையும் கிடையாதுன்னு வச்சிருக்கோம், மூணு நாலு அஞ்சு எல்லாரையும் கலந்து மூணு குரூப். அந்தப் பையன் இப்போ மூணாம் வகுப்புப் பிள்ளைங்களோட மணல்ல 'கா' எழுதிட்டு இருக்கான், கூச்சமெல்லாம் ரெண்டே நாள்தான். எங்க பள்ளிக்கு வந்து வழிகாட்டுற ஆசிரியர் பயிற்றுநர் மேடத்துக்கும் ஹரியானா விஷயத்தச் சொன்னேன், வர்ற புதன்கிழமை அவங்களே ஒரு குரூப்ப எடுக்கிறேன்னு சொல்லிருக்காங்க.