திருகாணி முட்டையும் ஜாஸ் இசையும்

சுறா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வாய் நிறையக் கத்திப் பற்கள்தான். ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் கடல்களில் வாழும் போர்ட் ஜாக்சன் சுறா அந்த ரகமே இல்லை. ஒன்றரை மீட்டரைச் சற்றே தாண்டும் உடல், பன்றி மாதிரி மழுங்கிய மூஞ்சி, கண்ணுக்கு மேலே புடைத்த புருவம். பகலெல்லாம் பாறை இடுக்கில் கூட்டமாகப் படுத்துக் கிடக்கும். இருட்டியதும் தரையோடு தரையாக மோப்பம் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். முன்பற்கள் இரையைப் பிடிக்க, கடைவாய்ப் பற்கள் சிப்பியையும் கடல் முள்ளெலியையும் நொறுக்க.

நீந்திக்கொண்டே இருந்தால்தான் சுறாவுக்கு மூச்சு என்பார்கள். இதற்கு அது பொருந்தாது. அசையாமல் படுத்தபடியே செவுள்களுக்குத் தண்ணீரை இறைத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் முட்டை. அசல் திருகாணி! கரும்பழுப்பு நிறம், சுற்றிலும் புரி. இட்ட புதிதில் மெத்தென்று இருக்கும். அப்போதே தாய் அதை வாயில் கவ்வி பாறைப் பிளவில் செருகிவிடும் என்கிறார்கள். அப்புறம் இறுகிவிட்டால் அலை அடித்தாலும் சுலபத்தில் பெயராது. குஞ்சு வெளிவரப் பத்துப் பன்னிரண்டு மாதம்.

2018இல் மெக்குவாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் குட்டிகளுக்கு ஜாஸ் இசை கேட்டால் சாப்பாடு என்று பழக்கினார்கள். பழகிக்கொண்டன. கூடவே வேறு இசையையும் போட்டுப் பிரித்தறியச் சொன்னதும் குழம்பிவிட்டன. சரி, எனக்கும் அதே நிலைமைதான்.